கூட்டை விட்டு விலகிய கேமரா

பறவைப் படம் எடுக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இன்று சொல்லப்படும் செட்டிங் ஒரு துண்டுச் சீட்டில் அடங்கிவிடும். ஷட்டர் வேகம் 1/1600 நொடி அல்லது அதற்கு மேல். அபர்ச்சர், லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, பெரும்பாலும் 5.6 அல்லது 6.3. ஐ.எஸ்.ஓ. ஆட்டோ. ஃபோகஸ், பறவையைத் தொடர்ந்து பின்பற்றும் வகை. பட்டனை அழுத்திப் பிடித்தால் வரிசையாகப் படம் விழ வேண்டும். அவ்வளவுதான்.

இதில் ஷட்டரையும் அபர்ச்சரையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஐ.எஸ்.ஓ.வில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். "3200 போயிடுச்சே, படம் புள்ளி புள்ளியா வருமே?" என்று. தயங்கி 400-லேயே நிறுத்தி வைப்பார்கள். ஷட்டர் தானாக மெதுவாகும், படம் கலங்கும். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனதும் ஒரு முடிவுக்கு வருவார்கள்: "இன்னும் கிட்டப் போய் எடுக்கணும் போல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. பறவைப் புகைப்படத்தின் முதல் எழுபது எண்பது வருடக் கதையே கிட்டப் போன கதைதான். எவ்வளவு கிட்டே என்றால், கூட்டுக்கே போனார்கள். ஏன் போக வேண்டி வந்தது, அதற்குப் பறவை என்ன விலை கொடுத்தது, எப்போது விலகி வர முடிந்தது என்று படித்துச் சேர்த்த குறிப்புகள் இவை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இது இல்லாமல் கதை புரியாது. ஃபிலிம் காலத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான விதி ஒன்று உண்டு. நல்ல வெயிலில் அபர்ச்சரை 16-ல் வைத்தால், ஃபிலிமின் வேக எண் எதுவோ அதுவே ஷட்டர் வேகத்தின் கீழெண். 100 ஃபிலிம் என்றால் 1/100 நொடி, 400 என்றால் 1/400. அபர்ச்சர் எண் 16, 11, 8, 5.6 என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் உள்ளே வரும் ஒளி இரட்டிப்பாகும். ஷட்டரை இரட்டிப்பு வேகமாக்கிக்கொள்ளலாம். நிழலுக்குப் போனால் அதே படிகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உச்சி வெயிலுக்கும் காலை ஆறரை மணி வெளிச்சத்துக்கும் நடுவே நான்கு படி, ஐந்து படி வித்தியாசம் சாதாரணம். மூன்று எண், ஒரே வரவு செலவு. ஒன்றில் எடுத்தால் இன்னொன்றில் கட்டணும்.

இதில் ஷட்டர் வேகம் என்ற பிரச்சினை நாம் நினைப்பதைவிட ரொம்ப சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பாரிஸில் எத்தியன்-ஜூல் மரே என்று ஒரு உடலியல் பேராசிரியர். துடிப்பு, நடை, தசையின் இழுப்பு என்று அசைவதை எல்லாம் கோடாக வரைந்து காட்டும் கருவிகள் செய்தவர். பறக்கும்போது சிறகு என்ன செய்கிறது என்பது அவரை விடாமல் துரத்திய கேள்வி. 1878-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக நிறுத்தி ஓடும் குதிரையை எடுத்த படங்கள் வந்ததும், பறவைக்கும் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டவர் மரே. குதிரை ஓடுபாதையில் ஓடும். கடற்பறவை நாம் கோடு போட்ட பாதையில் பறக்காதே! அதனால் 1882-ல் அவரே ஒரு கருவி செய்துகொண்டார். துப்பாக்கி வடிவத்தில் கேமரா. நீளக் குழலுக்குள் லென்ஸ், அதன் பின்னால் விட்டுவிட்டுச் சுழலும் கண்ணாடித் தகடு. தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால் ஒரு நொடியில் 12 படம், ஒவ்வொன்றும் 1/720 நொடி.

பன்னிரண்டோடு தகடு நிறைந்துவிடும். இன்று நொடிக்கு 20, 30 படம் தட்டிவிட்டு "பஃபர் ஃபுல் ஆயிடுச்சு" என்று புலம்புகிறோமே, அந்தப் புலம்பலுக்கு வயது 140க்கு மேல்.

மரேயின் துப்பாக்கிப் படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். பறவை கருநிழலாக இருக்கும். கண் தெரியாது, இறகின் வரி தெரியாது. 1/720 நொடியில் வந்த ஒளி, பளிச்சென்ற வானத்தைப் பதியப் போதுமானதாக இருந்தது. பறவையின் உடலைக் காட்டப் போதவில்லை. சிறகின் வடிவம்தான் அவருக்கு வேண்டியது, அது கிடைத்தது. ஆனால் படமாகப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அது பத்தாது.

இரண்டே வருடம் கழித்து 1884-ல் ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஒட்டோமார் அன்ஷூட்ஸ் அந்தக் குறையைப் பாதி தீர்த்தார். அவர் ஊர் லிஸா, இன்று போலந்தில் லெஷ்னோ. தகட்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு திரைச்சீலை, அதில் ஒரு மெல்லிய பிளவு. பிளவு தகட்டைக் கடந்து ஓடும்போது ஒவ்வோர் இடமும் 1/1000 நொடி அளவுக்கே ஒளி பெறும். இன்றைய கேமராக்களின் இயந்திர ஷட்டருக்கும் அடிப்படை அதுதான். அதை வைத்து அவர் எடுத்த செங்கால் நாரைப் படங்களில் இறகு இறகாகத் தெரியும். ஆக, இன்று சீட்டில் எழுதித் தரும் ஷட்டர் வேகத்தின் பக்கத்திலேயே 1884-ல் ஒருவர் வந்துவிட்டார்.

அப்படியானால் அடுத்த வருடமே ஐரோப்பா முழுக்க மீன்கொத்தியும் பருந்தும் படமாகியிருக்க வேண்டுமே, ஏன் ஆகவில்லை? அன்ஷூட்ஸ் எடுத்த பறவை எது என்று பாருங்க. ஆள் உயரத்தில் முக்கால்வாசி வரும் பெரிய வெள்ளைப் பறவை. வெட்டவெளியில், மறைப்பே இல்லாமல் கூடு கட்டும். மனிதர்களைக் கண்டு அவ்வளவாக மிரளாது. எந்த இடத்துக்கு வந்து இறங்கும் என்பது முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் கூடு அங்கே இருக்கிறது. வெயில், வெள்ளை உடல், தெரிந்த இடம். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் 1/1000 சாத்தியமாயிற்று. வேகமான ஷட்டர் கையில் இருந்தது. அதற்குக் கட்ட வேண்டிய ஒளிக்காசு எல்லாப் பறவையிடமும் இல்லை.

அன்றைய கண்ணாடித் தகடுகளின் உணர்திறனை இன்றைய ஐ.எஸ்.ஓ. எண்ணாக அப்படியே மாற்ற முடியாது. கணக்குக்காக 10 என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் 16-க்கு 1/10 நொடி, 8-க்கு 1/40. வேலிப்புதருக்குள் இருக்கும் சின்னப் பறவை என்றால் மூன்று படி நிழல், 1/5 நொடி. ஐந்தில் ஒரு நொடியில் ஒரு சிட்டு என்னென்ன செய்யும் என்பது ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் முட்டை ஓடாது.

இப்படித்தான் பறவைப் புகைப்படத்தின் உண்மையான தொடக்கம் ஒரு கூட்டின் படமாக அமைந்தது. 1892 ஏப்ரல், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு பக்கம். முட்டைகளோடு ஒரு பூங்குருவிக் கூடு. எடுத்தவர் செர்ரி கியர்ட்டன், வயது 20. கூட இருந்தவர் அண்ணன் ரிச்சர்ட் கியர்ட்டன். முட்டையோடு ஒரு கூட்டை அதன் இடத்திலேயே எடுத்த முதல் படம் என்று இதைப் பொதுவாகச் சொல்கிறார்கள். இருவரும் யார்க்ஷயரில் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கின் த்வெய்ட் என்ற சின்ன ஊரில் பிறந்த பையன்கள். ரிச்சர்டுக்குச் சிறுவயதிலேயே கால் ஊனமாகிவிட்டது. பிழைப்புக்கு லண்டன் போய் கேசல் பதிப்பகத்தில் வேலை. ஞாயிறு, விடுமுறை என்று கிடைத்த நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். 1895-ல் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ் நெஸ்ட்ஸ்' புத்தகம் வந்தது. வரைந்த படம் போடாமல், வெளியில் போய் நேரே எடுத்த புகைப்படங்களைப் போட்ட புத்தகம்.

அதே 1895-ல் ஆர்.பி. லாட்ஜ் என்ற இங்கிலாந்துக்காரர் கூட்டில் அடைகாக்கும் ஆள்காட்டியின் படத்துக்காக ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியின் பதக்கம் வாங்கினார். வரிசையைக் கவனியுங்க. முதலில் முட்டை, அடுத்து முட்டை மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாய், அப்புறம் இரையோடு வந்து ஒரு கணம் நிற்கும் தாய், கடைசியாகத்தான் பறப்பது. கலை ரசனை வளர்ந்த வரிசை என்று இதைச் சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தகட்டின் வேகம் ஏறிய வரிசை இது.

கியர்ட்டன் சகோதரர்களின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவர்களின் மறைவிடங்கள். நம்மூர் ஆட்களும் இப்போது 'ஹைட்' என்றே சொல்கிறார்கள். செயற்கை மரத்தண்டு செய்து அதற்குள் நின்றார்கள். செயற்கைப் பாறை செய்தார்கள். கசாப்புக்காரரிடம் மாட்டுத்தோல் வாங்கி, உள்ளே வெற்றிடம் விட்டு, நிற்கிற மாடு மாதிரி பாடம் செய்யவைத்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு குனிந்து நின்றார்கள். ஒருமுறை உள்ளே இருந்தவர் மயங்கி, மாடு கால் நான்கும் வானம் பார்க்கக் கவிழ்ந்து, மற்றவர் வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்ததாக ஒரு கதை. அந்த மல்லாந்த மாட்டின் படமும் இருக்கிறது. தம்பி முதலில் கேமராவைத்தான் எடுத்தார், அண்ணனை அப்புறம்தான் தூக்கினார் என்று நினைக்கிறேன்!

மறைவிடத்துக்குள் போவதிலும் ஒரு தந்திரம் உண்டு, இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. இரண்டு பேராக நடந்து போவார்கள். ஒருவர் உள்ளே நுழைந்துகொள்வார், மற்றவர் சத்தமாகப் பேசிக்கொண்டே திரும்பிப் போவார். வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று பறவை கூட்டுக்குத் திரும்பும்.

இதெல்லாம் படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் பறவை திரும்பும் என்பதன் பின்னால் இருப்பது முட்டை. வேறு எந்த இடமாக இருந்தாலும் அது ஒரேயடியாகப் போயிருக்கும். மனிதன், கேமரா, கறுப்புத்துணி, முக்காலி எல்லாம் மூன்று நான்கு அடியில் வந்து நின்ற பிறகும் திரும்பி வருகிறது என்றால், அது துணிச்சலும் இல்லை, பழக்கமும் இல்லை. வராவிட்டால் முட்டை ஆறிப்போகும். அந்தக் கட்டாயத்தைத்தான் தகட்டின் மெதுவான வேகத்துக்கு ஈடாகப் பயன்படுத்தினார்கள்.

அடுத்தது இலைகள். கூட்டைச் சுற்றிப் பறவை இலை மறைவைத் தேடிக் கட்டியிருக்கும். தகட்டுக்கோ வெளிச்சம் வேண்டும். அதனால் கிளைகளை ஒதுக்கிக் கட்டினார்கள், சிலர் வெட்டினார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'கார்டனிங்' என்றே பெயர் வைத்திருந்தார்கள், தோட்ட வேலை! மேலே போட்ட கணக்கில் அந்த மூன்று படி நிழலை நீக்கினால் 1/5 நொடி 1/40 ஆகும். இறகு முளைக்காத குஞ்சுக்கு அதே மூன்று படி என்பது நேர் வெயில். காகத்துக்கு அது திறந்த ஜன்னல். அக்கறையுள்ளவர்கள் வெட்டாமல் கட்டிவைத்து, எடுத்து முடித்ததும் அவிழ்த்துவிட்டார்கள் என்பதையும் சொல்லணும். எல்லோரும் அக்கறையுள்ளவர்கள் இல்லை.

இதை வைத்து அந்தத் தலைமுறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நியாயமாக இருக்காது. அவர்களுக்கு முன்னால் பறவை ஆர்வலர் என்றால் கையில் துப்பாக்கி, வீட்டில் முட்டைப் பெட்டி. சுட்டு, பாடம் செய்து, மேசையில் வைத்துத்தான் பறவையை அறிந்தார்கள். அதற்குப் பதிலாக ஒரு படம் போதும் என்று காட்டியது இவர்கள்தான். நார்ஃபோக் சதுப்பு நிலத்தில் படகு வீட்டில் தங்கி வேலை செய்த எம்மா டர்னர் 1911-ல் எடுத்த குருகுக் குஞ்சின் படம், அந்நாட்டில் இனப்பெருக்கம் நின்றுபோனதாகக் கருதப்பட்ட பறவை திரும்ப வந்ததற்கு ஆதாரமாயிற்று. அமெரிக்காவில் வில்லியம் ஃபின்லியும் ஹெர்மன் போல்மனும் ஆரிகன் கடற்கரைப் பாறைகளிலும் கிளாமத் ஏரியிலும் எடுத்த படங்கள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வரை போயின. 1907-லும் 1908-லும் அந்த இடங்கள் சரணாலயங்களாயின. தொப்பிக்கு இறகு வேண்டும் என்று கொக்குகளை லட்சக்கணக்கில் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. கூட்டருகே போன கேமரா செய்த நன்மையும் தீமையும் ஒரே கணக்கில் வருகின்றன.

விலையை மனிதர்களும் கொடுத்தார்கள். 1937 மே மாதம், வேல்ஸ். எரிக் ஹோஸ்கிங், வயது 27. ஆந்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் உயரத்தில் கட்டிய மறைவிடத்துக்கு இரவில் ஏறும்போது, ஆந்தை சத்தமே இல்லாமல் வந்து முகத்தில் அறைந்தது. நகம் இடது கண்ணில் இறங்கிவிட்டது. பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம். தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவாமல் இருக்க அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் கண்ணோடு இன்னும் ஐம்பது வருடம் பறவைகளையே எடுத்தார். தன்வரலாற்றுக்கு அவர் வைத்த பெயர் 'ஆன் ஐ ஃபார் எ பேர்ட்'. அந்த ஆந்தை மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கூட்டைக் காத்தது, அவ்வளவுதானே.

ஒளிப் பற்றாக்குறைக்கு ஒரு குறுக்கு வழியும் வந்தது: ஃபிளாஷ். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஹாரல்ட் எட்ஜர்டன் 1930-களில் மின்னணு ஃபிளாஷை வைத்து, கண்ணுக்கே பிடிபடாத ஹம்மிங்பேர்டின் சிறகை நிறுத்திக் காட்டினார். ஹோஸ்கிங்கும் அதைப் பிடித்துக்கொண்டார். 1948-ல் அவர் எடுத்த, வாயில் எலியோடு சிறகு விரித்து எதிரே வரும் கூகையின் படம் இன்றும் பிரபலம். ஆனால் ஃபிளாஷின் இயல்பு என்ன? தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். பத்தடியில் ஜொலிப்பது நாற்பதடியில் பதினாறில் ஒரு பங்கு. ஆக ஃபிளாஷும் கேமராவைக் கூட்டை விட்டு விலகவிடவில்லை, இன்னும் இறுக்கிக் கட்டியது.

தொலைநோக்கு லென்ஸ் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. தாமஸ் டால்மேயர் 1891-லேயே செய்துவிட்டார். ஆனால் லென்ஸ் நீள நீள அபர்ச்சர் எண் ஏறும், ஒளி குறையும், சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும். மெதுவான தகட்டோடு அதைச் சேர்த்தால் தூரத்துப் பறவை பெரிதாக, கலங்கலாகக் கிடைக்கும்.

பூட்டைத் திறக்க வேண்டிய சாவி மூன்றாவது எண்ணிடம்தான் இருந்தது. அந்த எண்ணுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. தகடு எவ்வளவு வேகம் என்பதை ஆரம்பத்தில் தயாரிப்பாளர் சொல்வதுதான் சட்டம். டப்பாவில் 'அதிவேகம்' என்று போட்டிருக்கும். இங்கிலாந்தில் வேதிப்பொருள் ஆலை ஒன்றில் வேலை செய்த ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வேரோ டிரிஃபீல்டு என்ற இரண்டு பேர், பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவர்கள், 1890-ல் ஒளிக்கும் தகட்டின் கருமைக்கும் உள்ள உறவை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். தகட்டின் வேகத்தை எண்ணாகச் சொல்லும் வழி அங்கிருந்து தொடங்கியது. பிறகு ஜெர்மனியின் டின், அமெரிக்காவின் ஏ.எஸ்.ஏ. என்று ஆளுக்கொரு அளவை. 1974 முதல் அவை ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே தரத்துக்குள் வந்தன. வேலை நேரம் போக மீதி நேரத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என்பதால் எனக்கு இவர்கள் மேல் தனிப் பிரியம்.

எண் வந்துவிட்டது, ஆனால் அது ஏறவே இல்லை. கோடாக் நிறுவனம் 1930-களில் கொண்டுவந்த கோடாக்ரோம் வண்ண ஃபிலிமின் வேகம் 10. 1961-ல் 25. 1962-ல் 64. கணக்கு போடலாம். 64 ஃபிலிம், அபர்ச்சர் 5.6, உச்சி வெயில்: 16-க்கு 1/64, மூன்று படி இறங்கினால் 1/500 சொச்சம். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் அதிகாலையில் நான்கு படி போனால் 1/32. கறுப்பு வெள்ளை ஃபிலிம் இதைவிட எவ்வளவோ மேல். 1960 வாக்கில் ட்ரை-எக்ஸ் 400 வேகத்தில் விற்றது.

நம் பக்கத்துப் பறவைப் படங்களும் இந்த வேலிக்குள்தான் எடுக்கப்பட்டன. இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த ஈ.எச்.என். லௌதர் 1949-ல் 'எ பேர்ட் ஃபோட்டோகிராஃபர் இன் இந்தியா' வெளியிட்டார். சிங்கப்பூரின் கேதே சினிமா நிறுவன முதலாளி லோக் வான் தோ, போர்க்காலத்தில் அகதியாக பம்பாய் வந்தபோது சாலிம் அலியோடு பழகி, அவரோடு கட்ச், காஷ்மீர் என்று சுற்றிப் படம் எடுத்தார். அவருடைய 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' 1957-ல் வந்தது. மறைவிடம், கூடு, ஃபிளாஷ் என்று இவர்களும் ஐரோப்பியப் பாணிதான்.

வேறு மாதிரி வேலை செய்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். தனித்தனி உறுப்புகளைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு காட்டில் யானை மேலும் கால்நடையாகவும் போய், கண்ணில் பட்டதை எடுப்பார். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். வண்ண ஃபிலிமைவிட ஆறு பங்கு, பத்துப் பங்கு வேகமான கறுப்பு வெள்ளை இருந்த காலத்தில், இரை தேடி நடமாடும் விலங்கையும் பறவையையும் அது நடமாடும் இடத்திலேயே எடுக்க நினைக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று கணக்கே சொல்லும்.

அப்புறம் நடந்தது எல்லாம் மளமளவென்று. 1985-ல் மினோல்டா 7000 ஆட்டோஃபோகஸைக் கேமராவுக்குள் கொண்டுவந்தது. 1995-ல் கேனன், கை நடுக்கத்தை ஈடுகட்டும் லென்ஸ் விற்றது. 2020, 2021-ல் வந்த கேமராக்கள் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கின்றன. ஆனால் என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய திருப்பம் 2007-ல் வந்த நிகான் டி3 வகைக் கேமராக்கள். சாதாரணமாகவே ஐ.எஸ்.ஓ. 6400 வரை போகும், தேவைப்பட்டால் 25600 வரை இழுக்கலாம். பழைய கணக்கில் 64-க்குப் பதில் 3200 போடுங்க. அதே 5.6, அதே அதிகாலை நான்கு படி: 1/1600. சீட்டில் எழுதியிருக்கும் எண் அப்படியே வருகிறது. இலையை ஒதுக்க வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம், பறவை திரும்பி வந்தே ஆகவேண்டிய இடத்தில் காத்திருக்க வேண்டாம். ஐம்பது அறுபது அடி தள்ளி, அது எங்கே உட்காருகிறதோ அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

புள்ளி புள்ளியாக வருவது பற்றி ஒரு தெளிவு. டிஜிட்டல் கேமராவில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதால் புள்ளி உண்டாவதில்லை. ஒளி போதாததால் உண்டாகிறது. ஒளி என்பது மழைத்துளி மாதிரி தனித்தனியாக விழுவது. ஒரு பிக்சலில் சராசரி 10,000 துளி விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். 100 துளிதான் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். அந்தப் பத்து சதவீதம்தான் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது. ஷட்டரையும் அபர்ச்சரையும் மாற்றாமல் ஐ.எஸ்.ஓ.வை மட்டும் குறைத்தால் படம் இருட்டாக வரும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டினால் அதே புள்ளிகள், சில கேமராக்களில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வரும். கலங்கிய படத்தை எந்த மென்பொருளாலும் உருப்படியாக்க முடியாது. புள்ளியை நீக்க இலவச மென்பொருளே இருக்கிறது.

காரணம் போனாலும் பழக்கம் போகவில்லை. கூட்டில் வாய் பிளந்த குஞ்சுகள், இரையோடு தாய் என்ற படத்துக்கு இன்றும் கூட்டம் சேர்கிறது. கிட்டே இருந்தால் சாதாரண லென்ஸே போதும், பறவை திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வரும், கற்றுக்குட்டிக்கும் படம் கிடைத்துவிடும். 1892-ல் இருந்த அதே மூன்று வசதிகள். பல புகைப்படப் போட்டிகள் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. பிரிட்டனில் 1981-ம் வருடச் சட்டப்படி குறிப்பிட்ட பறவைகளின் கூட்டருகே போய் எடுக்க உரிமம் வேண்டும். நம் நாட்டில் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்தைப் படித்துப் பாருங்க. காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதற்குள் வருகிறது. கேமரா பிடித்தவர் என்று அந்த வரியில் தனிச் சலுகை எதுவும் இல்லை. மரே துப்பாக்கி வடிவத்தில் கேமரா செய்தது ஞாபகம் வந்தது.

இனி அந்தச் சீட்டுக்கு என் பக்கத்துத் திருத்தங்கள். மெனுவில் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வுக்கு உச்ச வரம்பு என்று ஒன்று இருக்கும். அது எதில் இருந்தாலும் முதல் வேலையாக 6400 ஆக்கிக்கொள்ளுங்கள். மேனுவல் மோடில் ஷட்டரையும் அபர்ச்சரையும் நீங்கள் பிடித்துக்கொண்டு, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் கேமராவிடம் விட்டுவிடலாம். 1/1600 பறக்கிற பறவைக்கு. கரையில் அசையாமல் நிற்கும் மடையானுக்கு 1/500 தாராளம். தையல்சிட்டு, கதிர்க்குருவி மாதிரி ஒரு நொடி சும்மா இராத ஆட்களுக்கு உட்கார்ந்திருந்தாலும் 1/1000க்குக் கீழே போகாதீர்கள். வெள்ளைக் கொக்கு வெயிலில் நின்றால் வெளிச்சத் திருத்தத்தை ஒரு படி வரை குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கரிச்சானுக்கு நேர் எதிர், ஒரு படி கூட்டணும். மழைக்காலத்துக் காலை ஏழு மணி, மேகமூட்டம் என்றால் 6400-ம் பத்தாமல் போகும். அன்று ஷட்டரை 1/400க்கு இறக்கி, முக்காலியில் வைத்து, வரிசையாகப் பத்துப் படம் தட்டினால் பறவை தலையை நிறுத்திய கணத்தில் ஒன்றிரண்டாவது தெளிவாக விழும்.